கூண்டு வண்டியும் கணினித் திரையும்: ஒரு வரலாற்று விளையாட்டைப் பற்றிய மதிப்பீடு

பிள்ளைகள் கணினி முன்னால் உட்கார்ந்தால் நம் வீடுகளில் முதலில் எழும் குரல், "படிக்கிற நேரத்துல என்னடா விளையாட்டு?" என்பதுதான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் அந்தக் குரலில் உள்ள கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் வரலாற்று வகுப்புக்காகவே பிறந்து, அரை நூற்றாண்டு கடந்தும் பேசப்படுகிற ஒரு விளையாட்டு உண்டு. அதன் பெயர் 'ஓரிகன் டிரெயில்'. ஓரிகன் பாதை என்று தமிழில் சொல்லலாம். அமெரிக்காவில் ஒரு தலைமுறையே தன் நாட்டு முன்னோடிகளின் கதையைப் பாடநூலில் படித்ததைவிட இந்த விளையாட்டில்தான் அதிகம் கற்றது என்றால் மிகையாகாது. அது எதைக் கற்பித்தது, எதை மறைத்தது, அதோடு சேர்த்து மாணவரை நாட்குறிப்பு எழுதவைக்கும் வழக்கம் அந்தக் குறையை நிரப்புமா என்பதே இக்கட்டுரையின் பொருள்.

பிறந்த கதை

1971-ஆம் ஆண்டு. மினசோட்டா மாநிலத்தின் மினியாபொலிஸ் நகரில் டான் ராவிட்ச் என்ற பயிற்சி ஆசிரியர் எட்டாம் வகுப்புக்கு அமெரிக்க வரலாறு நடத்திக்கொண்டிருந்தார். மேற்கு நோக்கிய குடியேற்றம் என்ற பாடத்தை எப்படிச் சுவையாக்குவது என்று யோசித்தார். உடன் தங்கியிருந்த பில் ஹெய்ன்மன், பால் டில்லன்பர்கர் என்ற இரு கணிதப் பயிற்சி ஆசிரியர்கள் பேசிக் மொழியில் நிரல் எழுதிக் கொடுத்தார்கள். அப்போது திரை கிடையாது. தட்டச்சுப் பொறி போன்ற ஒரு கருவி, கேள்வியைக் காகிதத்தில் அடித்துக் காட்டும்; பிள்ளைகள் பதிலைத் தட்டச்சு செய்ய வேண்டும். வேட்டையாட வேண்டுமானால் 'பேங்' என்று பிழையில்லாமல் வேகமாக அடிக்க வேண்டும். அவ்வளவுதான் துப்பாக்கி!

1974-இல் ராவிட்ச், மினசோட்டா அரசின் கல்விக் கணினி நிறுவனமான மெக்கில் சேர்ந்தார். விளையாட்டை அங்கே மறுபடி ஏற்றியபோது, அந்தப் பாதையில் உண்மையாகப் பயணம் செய்தவர்களின் நாட்குறிப்புகளைப் படித்து, நோய், மழை, வண்டி உடைதல் போன்ற நிகழ்ச்சிகள் எவ்வளவுக்கு ஒருமுறை வரவேண்டும் என்பதைத் திருத்தி அமைத்தார். ஆக இந்த விளையாட்டுக்குள் ஓடுகிற கணக்கே பழைய நாட்குறிப்புகளிலிருந்து எடுத்த கணக்கு. பலருக்கு நினைவில் நிற்கும் படங்களுடன் கூடிய வடிவம் 1985-இல் பிலிப் புஷார்டு வடிவமைத்தது. இங்கே நான் பெரும்பாலும் மதிப்பிடுவது அந்த வடிவத்தைத்தான்.

விளையாட்டு நன்றாகச் சொல்லும் பாடம்

ஆட்டம் 1848-இல் மிசூரி மாநிலத்தின் இண்டிபெண்டன்ஸ் நகரில் தொடங்குகிறது. ஐந்து பேர் கொண்ட குடும்பம். ஒரு கூண்டு வண்டி. போகவேண்டியது சுமார் 2,000 மைல் தொலைவிலுள்ள வில்லமெட் பள்ளத்தாக்கு. எந்த மாதம் கிளம்புவது? சீக்கிரம் கிளம்பினால் காளைகளுக்குப் புல் இருக்காது. தாமதித்தால் மலையில் பனி பிடித்துக்கொள்ளும். ஆறு குறுக்கிட்டால் இறங்கிக் கடப்பதா, வண்டியை மிதக்கவிடுவதா, காசு கொடுத்து ஓடத்தில் ஏற்றுவதா? வயிறு நிறையச் சாப்பாடு போடுவதா, அளந்து போடுவதா? இவை எல்லாம் உண்மையான மனிதர்கள் உண்மையாகவே முடிவெடுத்த கேள்விகள். பாடநூலில் "பயணம் கடினமாக இருந்தது" என்ற ஒரு வரியாகப் போவது, இங்கே பிள்ளையின் கையில் ஒரு பொறுப்பாக வந்து விழுகிறது.

என்னைக் கவர்ந்த இன்னொன்று, தொழிலைத் தேர்ந்தெடுக்கும் இடம். வங்கிக்காரர் என்றால் கையில் 1,600 டாலர். தச்சர் என்றால் 800. உழவர் என்றால் 400. ஆனால் போய்ச் சேர்ந்தபின் தச்சருக்கு மதிப்பெண் இரட்டிப்பு, உழவருக்கு மும்மடங்கு. காசில்லாதவன் அதே தூரத்தைக் கடப்பது பெரிய காரியம் என்பதை ஒரு வாக்கியமும் பேசாமல் கணக்கிலேயே சொல்லிவிடுகிறது. அதேபோல் வேட்டையில் எத்தனை விலங்கைச் சுட்டாலும் 100 பவுண்டு இறைச்சியைத்தான் வண்டிக்குத் தூக்கிவர முடியும். மீதி அங்கேயே அழுகும்.

சாவுக்கும் மழுப்பல் இல்லை. காலரா, சீதபேதி, டைபாய்டு, தட்டம்மை என்று பெயர் சொல்லியே ஆளை எடுத்துக்கொண்டு போகிறது. இதைப் பார்த்துவிட்டு என் பேரன், "தாத்தா, சண்டையே வரல, எல்லாரும் வயித்தால போயே செத்துட்டாங்க" என்று ஏமாற்றத்தோடு சொன்னான். சினிமா சொல்லாத உண்மை அது. வரலாற்றாசிரியர் ஜான் அன்ரூ 1979-இல் வெளிவந்த தம் நூலில் கணக்கிட்டபடி, 1840 முதல் 1860 வரை பூர்வகுடிகளால் கொல்லப்பட்ட பயணிகள் 362 பேர். பயணிகளால் கொல்லப்பட்ட பூர்வகுடிகள் 426 பேர். நோய்க்குப் பலியானவர்கள் இதைப்போலப் பல மடங்கு.

திரையில் இல்லாதவர்கள்

இனி குறைகளைப் பார்ப்போம். முதல் குறை, நிலம் காலியாகக் கிடப்பதுபோல் தோன்றுவது. பூர்வகுடி மக்கள் வராமல் இல்லை. பாம்பு ஆற்றங்கரையில் ஷொஷோனி இனத்தவர் ஒருவர் வழிகாட்டியாக வருகிறார். ஆனால் அவர் யார், அந்த ஆறு யாருடையது என்ற கேள்வி எழுவதில்லை. பயணிக்கு உதவுவதோடு அவர் வேலை முடிந்துவிடுகிறது.

தட்டம்மையையே எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் அது நம் வண்டியில் இருப்பவருக்கு வரும் துன்பம். ஆட்டம் தொடங்கும் 1848-க்கு ஒரே ஓர் ஆண்டு முன்னால், 1847-இல், அதே பாதையின் மேற்குக் கோடியில் வாலா வாலா பகுதியில் என்ன நடந்தது? தட்டம்மை பரவிக் கேயூஸ் இன மக்கள் பெருமளவில் மடிந்தார்கள். அங்கே சமயப் பணியும் மருத்துவமும் செய்துவந்த மார்கஸ் விட்மன், அவர் மனைவி நார்சிசா உள்ளிட்டோர் அந்த ஆண்டு நவம்பரில் கொல்லப்பட்டார்கள்; அதிலிருந்து போர் மூண்டது. விளையாட்டில் நோய் வண்டிக்குள் வருகிறது. வரலாற்றில் அது வண்டிகளின் வழியாக வெளியேயும் போனது. இந்த ஒரு திசை மாற்றத்தில் பாடத்தின் பாதி மறைந்துவிடுகிறது.

இரண்டாவது, போய்ச் சேர்ந்ததும் ஆட்டம் முடிந்துவிடுவது. அசல் கதை அங்கேதான் தொடங்குகிறது. 1850-ஆம் ஆண்டின் நிலக்கொடைச் சட்டப்படி, அதற்குள் வந்து குடியேறியிருந்த தனி ஆளுக்கு 320 ஏக்கர், தம்பதிக்கு 640 ஏக்கர். அதில் பாதி மனைவி பெயரில் என்பது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம்தான். ஆனால் அந்த நிலத்தின் பெரும்பகுதிக்குப் பூர்வகுடிகளோடு உடன்படிக்கையே அப்போது முடியவில்லை. கறுப்பினத்தவருக்கு அங்கே இடமும் இல்லை. 1844-இல் ஒரு சட்டம், 1849-இல் இன்னொன்று, 1857-இல் இயற்றிய மாநில அரசியல் சாசனத்திலும் ஒரு பிரிவு என்று தடை தொடர்ந்தது. சாசனப் பிரிவு நீக்கப்பட்டது 1926-இல்தான். ஜார்ஜ் வாஷிங்டன் புஷ் என்ற கறுப்பின முன்னோடி 1844-இல் குடும்பத்தோடு இதே பாதையில் வந்தவர். அந்தச் சட்டத்தால் கொலம்பியா ஆற்றுக்கு வடக்கே போய்க் குடியேற வேண்டியதாயிற்று. அவருடைய நிலத்தை உறுதிசெய்ய 1855-இல் அமெரிக்க காங்கிரஸ் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. அவருக்குக் கிடைத்த 'மதிப்பெண்' எவ்வளவு?

இப்படிக் கேட்பவன் நான் மட்டுமல்லன். ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரிலேயே ஆசிரியராக இருந்த பில் பிகெலோ, 1990-களில் வந்த குறுந்தகடு வடிவத்தை இந்தக் கோணத்தில் கடுமையாக விமர்சித்தார். ஆணா பெண்ணா, எந்த நிறத்தவர் என்பது பயணத்தின் போக்கை மாற்றாததுபோல் விளையாட்டு காட்டுகிறது என்பது அவர் வாதங்களுள் ஒன்று. அது நியாயமான வாதம் என்றே நான் கருதுகிறேன்.

நாட்குறிப்பு என்னும் துணை

பல ஆசிரியர்கள் கண்டுபிடித்த வழி, விளையாடும் மாணவரை அந்தப் பயணியாகவே நினைத்து நாட்குறிப்பு எழுதச் சொல்வது. நல்ல வழி, ஆனால் அப்படியே விட்டால் போதாது. நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் சிலரிடம் இதைத் தமிழில் செய்துபார்த்தேன். முதல் வாரம் வந்தவை எல்லாம் வரவுசெலவுக் கணக்குதான். இன்று இத்தனை மைல் போனோம், இத்தனை பவுண்டு மாவு மீதி, ஒரு காளை செத்தது. திரை கொடுத்த எண்ணைத் திருப்பி எழுதினால் அது நாட்குறிப்பு ஆகாது.

இரண்டாம் வாரம் அமீலியா நைட் என்ற பெண்மணியின் கதையைச் சொன்னேன். 1853-இல் கணவரோடும் ஏழு குழந்தைகளோடும் அயோவாவிலிருந்து ஓரிகனுக்குப் போனவர். மழை, சேறு, துணி துவைத்தல், சமையல், கொசு என்று நாள்தோறும் குறித்துவைத்தார். ஒரு மகன் வண்டியிலிருந்து விழுந்து சக்கரத்திடமிருந்து தப்பியதும், ஒரு மகளைத் தெரியாமல் விட்டுவிட்டு வந்து பிறகு கண்டுபிடித்ததும் அதில் உண்டு. ஆனால் பயணம் முழுக்கத் தாம் கர்ப்பமாக இருப்பதை அவர் வெளிப்படையாக எழுதவே இல்லை. கடைசியில் எட்டாவது குழந்தை பிறந்த செய்திதான் வருகிறது. இதைச் சொன்னதும் ஒரு பெண் குழந்தை கேட்டாள்: "ஏன் தாத்தா எழுதல? வெக்கமா, பயமா?"

அந்தக் கேள்விதான் வரலாற்றுப் படிப்பு. நாட்குறிப்பில் இருப்பதைப் போலவே இல்லாததும் சான்று என்பதை அந்தக் குழந்தை தானாகவே பிடித்துவிட்டாள். அடுத்த வாரக் குறிப்புகளில் மைல் கணக்கு குறைந்தது. வண்டியில் யார் பேசவில்லை, யார் நடந்தே வந்தார்கள் என்பது வந்தது.

ஆனால் ஓர் எல்லையையும் சொல்ல வேண்டும். "இனி நீ கேயூஸ் இனத்துச் சிறுவனாக எழுது" என்று சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. தெரியாத மக்களின் துயரத்தைப் பிள்ளை கற்பனையால் நிரப்பினால் அது வேஷம் போடுவதாகிவிடும். அதற்குப் பதில், பயணியின் நாட்குறிப்பிலேயே "இந்த ஆறு யாருடையது? யாரைக் கேட்டுக் கடந்தோம்?" என்ற கேள்வியை எழுதச் சொல்லலாம். பதில் தெரியாவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விடட்டும்.

பின்வந்த திருத்தங்கள்

அமெரிக்காவிலும் திருத்தம் நடக்கிறது. 2019-இல் 'வென் ரிவர்ஸ் வேர் டிரெயில்ஸ்' என்ற விளையாட்டு வந்தது. 1890-களில் மண்ணிலிருந்து பெயர்க்கப்பட்ட அனிஷினாபே இனத்தவர் ஒருவரின் பயணம் அது. பூர்வகுடிகளே பெருமளவில் பங்கெடுத்து உருவாக்கியது. 2021-இல் வந்த ஓரிகன் டிரெயிலின் புதிய வடிவத்துக்கும் பூர்வகுடி வரலாற்றறிஞர்களின் ஆலோசனை பெறப்பட்டது. ஆயினும் பழையதை ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பழையதையும் புதியதையும் அடுத்தடுத்து விளையாடவைத்தால், வரலாறு எங்கிருந்து பார்க்கப்படுகிறது என்பது பிள்ளைக்கே விளங்கும்.

அவர்களும் ஊர்விட்டு ஊர் வந்தவர்கள், நாமும் அப்படித்தான் என்று ஒப்பிட ஆசை வரும். அது முழுக்கப் பொருந்தாது. நமக்கு முன்னே யாரும் ஏக்கர் அளந்து வைத்திருக்கவில்லை. வேலை தேடி ரயிலேறி வந்தவர்கள் நாம். ஆனால் கேள்வி கேட்கும் முறையை எடுத்துக்கொள்ளலாம். வரும் கோடை விடுமுறையில் ஞாயிறு வகுப்பில் இதை ஆறு வாரப் பாடமாக நடத்த எண்ணியிருக்கிறேன். நான்கு வாரம் ஓரிகன் பாதை. இரண்டு வாரம், தாத்தா பாட்டி முதன்முதலில் இந்த ஊருக்கு வந்த பயணத்தை அவர்களிடமே கேட்டு எழுதுவது. அதில் பாட்டி எதைச் சொல்லாமல் விட்டார் என்பதையும் பிள்ளைகள் குறித்துக்கொண்டு வரட்டும். எல்லாம் தமிழிலேயே எழுதப்படும். எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்கமாட்டேன். பிள்ளைகளை அனுப்ப விரும்பும் பெற்றோர் சங்க நூலகத்தில் பெயர் கொடுக்கலாம்.