மார்ஷமின் வசந்தமும் ஆரணியாற்று மாசியும்

பிப்ரவரி பிறந்தால் போதும், "வசந்தம் வந்தாச்சு, வண்ணத்துப்பூச்சி பார்க்கக் கிளம்புங்க" வகைக் கட்டுரைகள் தமிழிலும் வர ஆரம்பித்துவிடும். படிக்க நல்லாத்தான் இருக்கு. பெரியபாளையத்தில் ஆரணியாற்றங்கரையில் நின்று படித்தால்தான் இடிக்குது. எங்கே இடிக்குது என்று பார்ப்போம்.

இந்த வகைக் குறிப்புகளுக்கு ஒரு முன்னோடி, இங்கிலாந்தின் நார்ஃபோக்கைச் சேர்ந்த ராபர்ட் மார்ஷம். 1736-லிருந்து முதல் பூ, முதல் துளிர், முதல் மஞ்சள் வண்ணத்துப்பூச்சி என்று தேதி போட்டு எழுதி வைத்தார். அவர் குடும்பம் அதை 1958 வரை தொடர்ந்தது. அபாரமான உழைப்பு. அந்தக் குளிர் நாட்டில் 'முதல்' என்ற சொல்லுக்கு அர்த்தமும் உண்டு. குளிர்காலம் முழுக்க ஒடுங்கிக் கிடந்த பூச்சி வெயில் ஏறியதும் வெளியே வருகிறது. அந்தத் தேதி உண்மையான தகவல்.

நம்ம பக்கம் கணக்கே வேற. இங்கே பூச்சியின் கையைக் கட்டிப்போடுவது குளிர் இல்லை, ஈரமின்மை. திருவள்ளூர் பக்கம் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அதற்குப் பிறகுதான் ஏரிக்கரை, கழனி வரப்பு, ரோட்டோரம் எல்லாம் தும்பையும் வெட்டுக்காயப் பூண்டுமாகப் பூத்துக் கிடக்கும். மாசி, பங்குனியில் மேல்மண் காய்ந்ததும் இந்தப் பூண்டுகள் கருகத் தொடங்கும். அதே சமயம் வேம்பும் புங்கமும் துளிர்விட்டுப் பூக்கப் பார்க்கும், ஏன்னா அவற்றின் வேர் ஆழத்தில் இருக்கு.

ஆக, இங்கே இரண்டு வசந்தம். சித்திரை, வைகாசியை இளவேனில் என்று நம் முன்னோர் வைத்தது மரங்களின் வசந்தத்துக்குப் பொருந்துகிறது. தரைப் பூக்களின் வசந்தம் மார்கழி, தை. கொங்கு பக்கம் பொங்கலுக்கு ஆவாரம்பூவும் சிறுபீளையும் வைத்துக் காப்புக் கட்டுகிறார்களே, அதுவே ஒரு காட்டுப்பூ நாட்காட்டிதான். பிப்ரவரிக்கு அவர்கள் வைத்த பெயர் பின்பனி.

2020-லிருந்து செப்டம்பரை இந்தியா முழுக்க வண்ணத்துப்பூச்சி மாதமாகக் கொண்டாடுகிறார்கள். நல்ல முயற்சி. தென்மேற்குப் பருவமழையை நம்பிய ஊர்களுக்கு அது சரியான நேரம். நமக்கோ முக்கிய மழை அதற்குப் பிறகுதான். அதோடு நிறுத்திக்கொண்டால் பாதிக் கதைதான் பதிவாகும்.

நானும் இதே தப்பைச் செய்தவன்தான். என் எக்ஸெல் கோப்பில் 'முதலில் பார்த்த தேதி' என்று ஒரு பத்தி போட்டிருந்தேன். எருக்கஞ்செடி இருக்கிற இடத்தில் வெந்தய வரியன் வருஷம் முழுக்கப் பறக்கிறது. அப்புறம் என்ன முதல் தேதி? அது நான் லேப்டாப்பை மூடிவிட்டு வெளியே போன தேதி, அவ்வளவுதான்! இப்போது அந்தப் பத்தியின் பெயரை மாற்றிவிட்டேன்: 'கடைசித் தும்பைப் பூ'.

இது வெறும் சொல் விவகாரம் இல்லை. டேட்டாபேஸில் காலியான கட்டமும் பூஜ்யமும் ஒன்றில்லை என்று எங்கள் தொழிலில் முதல் வருஷமே கற்றுக்கொள்வோம். பங்குனியில் வந்து காய்ந்த கரையைப் பார்த்துவிட்டு "இங்கே ஒண்ணும் இல்லை" என்று ஒருவர் எழுதினால், காலிக் கட்டத்தில் பூஜ்யம் விழுந்துவிடும். கழனிகள் மனைகளாகிற இந்தப் பக்கத்தில் 'ஒண்ணும் இல்லை' என்பது ஆபத்தான சொல். அப்புறம் அந்த எருக்கம்புதருக்காக யார் பேசுவது?

மார்ஷமிடம் கடன் வாங்க வேண்டியது அவருடைய வசந்தத்தை இல்லை, அவருடைய பிடிவாதத்தை. தை மாதம் ஒரு ஏரிக்கரையில் நடங்கள். பங்குனியில் அதே கரையில் திரும்ப நடங்கள். இரண்டையும் எழுதி வையுங்கள்.