மறைந்த சத்திரங்களும் மங்காத படங்களும்

லண்டன் மாநகரில் செயின்ட் பால் தேவாலயத்தை அடுத்த வார்விக் சந்தில், 'ஆக்ஸ்போர்டு ஆர்ம்ஸ்' என்றொரு பழைய விடுதி இருந்தது. நடுவே முற்றம், அதனைச் சூழ்ந்து அடுக்கடுக்காக மரத்தாலான நடைமாடங்கள். குதிரை வண்டிப் பயணிகள் தங்கிச் சென்ற அவ்விடுதி, இரயில் வந்தபின் ஆதரவிழந்து, ஏழைகள் அறை அறையாக வாடகைக்கு ஒண்டும் இடமாயிற்று. அது இடிபடப் போகிறதென அறிந்த ஆல்ஃபிரட் மார்க்ஸ் என்பார், நண்பர்கள் சிலருடன் கூடி 1875-இல் அதனைப் படமெடுப்பித்தார். பழைய லண்டனின் எச்சங்களைப் படமெடுக்கும் சங்கம் இவ்வாறு பிறந்தது. 1886 வரை அச்சங்கம் வெளியிட்ட 120 படங்களையே ஈண்டு மதிப்பிடப் புகுகிறோம்.

மது விற்ற இடங்களின் படங்களில் நமக்கென்ன வேலை என வாசகர் சிலர் வினவக்கூடும். நியாயமான வினாவே. ஆயினும் அவ்விடுதிகள் வழிப்போக்கனுக்குப் படுக்கையும் அவன் குதிரைக்குக் கொள்ளும் தந்த சத்திரங்களுமாகும். ஒரு நகரம் அயலூரானை எவ்வாறு ஏற்றது என்பதற்கு அவை சாட்சி. சாட்சியத்தைக் கேட்பதற்கு நாம் கோப்பையைத் தொட வேண்டியதில்லை.

முதலில் ஆல்ஃபிரட் பூல், ஜான் பூல் ஆகியோரும், பின்னர் ஹென்றி டிக்ஸனும் இப்படங்களை எடுத்தனர். முக்காலியும் கனத்த கண்ணாடித் தகடும் சுமந்து குறுகிய சந்துகளில் நின்று எடுத்தவை இவை. அக்காலப் படங்கள் பல மஞ்சளித்து மங்கின. இவர்களோ, நிறப்பொடியை ஜெலட்டினில் குழைத்துப் பதிக்கும் கார்பன் முறையைத் தேர்ந்தனர். நூறாண்டு கடந்தும் அவற்றின் கருமை குன்றவில்லை. இடிபடுவதைத் தடுக்க இயலாதவர்கள், படமேனும் அழியக்கூடாதென எண்ணியது நம் நெஞ்சைத் தொடுகிறது.

குறையொன்றும் சொல்லியாக வேண்டும். நெடுநேரம் ஒளி வாங்கும் தகட்டில் அசைந்த மனிதர்கள் புகைபோல் கலைந்துபோயினர். அது கருவியின் குற்றம். ஆனால் விடுதிப் படங்கள் முகப்போடும் முற்றத்தோடும் நின்றுவிடுவது கருவியின் குற்றமன்று. வாடகை அறைக்குள் வாழ்ந்த ஏழையைக் காண இவர்கள் விழைந்ததாகத் தெரியவில்லை. உத்தரத்துக்கு இருந்த மதிப்பு, அதன் கீழ் உறங்கியவனுக்கு இல்லை.

சவுத்வர்க்கிலுள்ள 'ஜார்ஜ்' விடுதியும் இத்தொகுப்பில் உண்டு. 1889-இல் இரயில்வே நிறுவனம் ஒன்று அதன் பெரும்பகுதியை இடித்தது. எஞ்சிய ஒரு சிறகு 1937 முதல் நேஷனல் டிரஸ்டின் காவலில் இருக்கிறது. இன்று பழைய ரோலிஃப்ளெக்ஸ், லைக்கா கேமராக்களுடன் இத்தகைய விடுதிகளைத் தேடிச் செல்லும் ஆர்வலர் உளர். பழைய கட்டிடத்துக்குப் பழைய கருவியே தகும் என்பது அவர்கள் கருத்துப் போலும். நாம் உடன்படவில்லை. பூல் சகோதரர் கையாண்டது அவர்கள் காலத்துக் கருவியை அன்றோ? எனினும் ரோலிஃப்ளெக்ஸில் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படம் என்னும் நெருக்கடி, கண்டதையெல்லாம் எடுக்காது நின்று நோக்க வைக்குமாயின், அதனை நாம் பழிக்கமாட்டோம்.

பிஷப்ஸ்கேட்டிலிருந்த சர் பால் பிண்டரின் மாளிகை பிற்காலத்தில் மதுக்கடையாகி, 1890-இல் இடிபட்டது. அதன் மரமுகப்பை விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம். வேலைப்பாடு மிக்க அம்முகப்பு அங்கே தனித்து நிற்கிறது. அது நின்ற தெருவைக் காண விரும்புவோர் சங்கத்தின் படத்தையே நாட வேண்டும்.