அச்சம் காவலாகுமா? – ‘விடாது கருப்பு’ மறுபார்வை

ஒரு மர்மக் கதையின் உண்மையான தரம் அதன் முடிவை அறிந்தபின் மீண்டும் காணும்போதுதான் புலப்படும். முதன்முறை நம்மை ஈர்த்தது வெறும் ஆவலா, அன்றிக் கலைத்திறனா என்பதை இரண்டாம் பார்வையே பிரித்துக் காட்டுகிறது. 1990களின் பிற்பாதியில் சன் தொலைக்காட்சியில் வந்த ‘மர்மதேசம்’ வரிசையில், ‘ரகசியம்’ என்ற கதையை அடுத்து ஒளிபரப்பான ‘விடாது கருப்பு’ இன்று யூடியூபில் காணக் கிடைக்கிறது. கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் தயாரித்த இத்தொடரை எழுதியவர் 2024இல் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜன், இயக்கியவர் நாகா. இதன் தொடக்கப் பகுதிகளை மட்டும் ஈண்டு ஆராய முற்படுகிறோம்.

தோட்டக்காரமங்கலம் என்னும் சிற்றூர். தவறு செய்தவரைக் கருப்பசாமி தண்டிப்பார் என்பது அவ்வூர் மக்களின் உறுதியான நம்பிக்கை. இரவில் குளம்பொலி கேட்கிறது; பின்னர் ஒரு சாவு. முன்னொரு காலத்துச் சிறுவனின் கதையும் பின்வந்த காலத்து நிகழ்ச்சிகளும் மாறிமாறி வருகின்றன. அச்சுறுத்தும் பொருளைத் தெளிவாகக் காட்டாமல், அதன் ஒலியையும் நிழலையும் மட்டுமே காட்டுவது இயக்குநரின் தேர்ந்த முறை. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1966இல் தொடங்கிய ‘டார்க் ஷேடோஸ்’ என்ற தொடரும் இவ்வாறே ஒரு பழைய மாளிகையையும் அங்கு வந்து சேரும் ஓர் இளம்பெண்ணையும் கொண்டு பொறுமையாக நடந்தது. அதற்குப் புகழ் தேடித்தந்த இரத்தக்காட்டேரிப் பாத்திரம் இருநூறு பகுதிகளுக்கும் மேல் கடந்து 1967இல்தான் தோன்றியது. காத்திருப்பே பயத்தை வளர்க்கும் என்பதை இரு தொடர்களும் அறிந்திருந்தன.

குறைகளும் உள. சிற்றூர்க் காட்சிகளில் மண்ணும் பேச்சும் உயிரோடு இருக்க, படித்தவர்கள் கூடிப் பேசும் காட்சிகளில் உரையாடல் விளக்கவுரையாகிவிடுகிறது. பகுத்தறிவு பேசுபவரும் பக்தி பேசுபவரும் பட்டிமன்றத்து அணிகளைப்போல வாதிடுகின்றனர். இடைவெளிவிட்டுப் பார்த்த காலத்தில் தேவையாயிருந்த நினைவூட்டல்கள், அடுத்தடுத்துப் பார்க்கும்போது சலிப்பூட்டுகின்றன.

ஆயினும் இவற்றினும் பெரிய வினா ஒன்று எழுகின்றது. ஒருவன் இறந்து கிடக்கிறான். “சாமி தண்டித்துவிட்டது” என்ற ஒரு சொல்லோடு ஊர் அடங்கிவிடுகிறது. இறந்தவன் குற்றவாளியாகவே இருக்கட்டும். அவனுக்காக அழுதவர் யார், அவனைக் கொன்றது எந்தக் கை என்று கேட்பவர் அரியர். காயினிடம் ஆபேலைப் பற்றிக் கேட்கப்பட்ட கேள்வி இவ்வூரில் கேட்கப்படுவதில்லை. அச்சம் களவைத் தடுத்திருக்கலாம். அதுவே கொலையை மறைக்கும் திரையாகவும் ஆயிற்று. இதனைத் தொடக்கப் பகுதிகள் மிகக் கூர்மையாகக் காட்டுகின்றன. ஆனால் கதை வளர வளர, “கொன்றவர் தெய்வமா, மனிதரா?” என்ற புதிரே முதன்மை பெறுகிறது. “கொலையை நீதி என ஏற்ற ஊர் எத்தகையது?” என்ற வினா பின்னுக்குத் தள்ளப்படுகிறது. இத்தொடரின் ஆழமான குறை இதுவே என்போம்.

நம் தாமிரபரணிக் கரையின் மரபு இதற்கு வேறொரு விடை வைத்திருக்கிறது. பாபநாசத்திற்கு மேலே காரையாற்றில் உள்ள சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயன் என்ற தெய்வத்திற்கு மக்கள் தோல் செருப்புகளைக் காணிக்கையாகச் செலுத்துகின்றனர். வில்லுப்பாட்டில் இவர் முத்துப்பட்டன். அந்தணராகப் பிறந்து, அருந்ததியர் குலத்துச் சகோதரியர் இருவரை மணந்து, தோல் தொழிலையும் ஏற்று, மாடுகளைக் காக்கும் போரில் உயிர்நீத்தவர் என்று அக்கதை கூறும். அவர் கொன்றதனால் அல்ல, கொல்லப்பட்டதனால் தெய்வமானவர். சுடலைமாடன் போன்ற அஞ்சத்தக்க தெய்வங்களும் இங்கு உண்டு என்பதை மறுக்கவில்லை. எனினும் கொடை விழா இரவில் வில்லின் முன் அமரும் மக்கள், இன்னார் கொல்லப்பட்டார், இன்ன காரணத்தால், இன்னாரால் என்று முழுவதும் கேட்கிறார்கள். அங்கே அச்சம் உண்டு, அதனோடு இரக்கமும் உண்டு, மறவாமையும் உண்டு.

தோட்டக்காரமங்கலத்து மக்களிடம் இல்லாதது பக்தியன்று. இறந்தவரின் கதையைச் சொல்லும் நாவே அவர்களிடம் இல்லை. இத்தொடரை இன்று காணும் இளைஞர்கள் குளம்பொலியில் மனம் நடுங்கட்டும். நல்ல கலைக்கு அது உரிய மரியாதையே. நடுக்கம் தீர்ந்தபின், ஒவ்வொரு சாவின் முன்னும் சற்றே நின்று, “இவன் யாருடைய மகன்?” என்றும் கேட்கட்டும்.