உயரம் எந்த அச்சில்?

பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் நிமிர்ந்து நிற்கும் நாற்காலி, யூனிட்டி விளையாட்டு எஞ்சினுக்குள் வந்ததும் சில சமயம் மல்லாந்து கிடக்கும். மாதிரியை வடித்தவர்மேல் குற்றமில்லை. பிளெண்டரில் உயரம் இசட் அச்சு, யூனிட்டியில் ஒய்.

இந்தப் பிரிவு வரைபட மேசையில் தொடங்குகிறது. கட்டட வரைவாளர் தரைப்படத்தை மேசைமேல் விரித்தபோது எக்ஸும் ஒய்யும் தாளோடு போயின. உயரத்துக்கு இசட் மிஞ்சியது. ஆட்டோகேட், ஓப்பன்ஸ்கேட் இரண்டும் இந்த வழி. திரைக்காரர்களுக்கோ எக்ஸ் வலப்புறம், ஒய் மேலே, இசட் ஆழம். 1992இல் வந்த ஓப்பன்ஜிஎல், ஜாவாஸ்கிரிப்டின் த்ரீ.ஜேஎஸ் ஆகியவை அந்தப் பக்கம். பட்டறை இயந்திரங்களை இயக்கும் ஜி-கோடு இரண்டிலும் சேராது: ஐஎஸ்ஓ 841 தரப்படி இசட், சுழல்தண்டுக்கு இணையாக ஓட வேண்டும். அதனால் சாதாரண லேத்தில் இசட் படுத்தே கிடக்கிறது.

கைகளுக்குள்ளும் பிணக்கு உண்டு. கட்டைவிரல் எக்ஸ், சுட்டுவிரல் ஒய், நடுவிரல் இசட் என்று வலக்கையை நீட்டினால் ஓப்பன்ஜிஎல்லின் வழக்கம். டைரக்ட்3டியின் பழைய வழக்கமும் பொவ்-ரேயும் இடக்கை. அன்ரியல் எஞ்சின் இடக்கையை வைத்துக்கொண்டு உயரத்தை இசட்டுக்குக் கொடுத்தது, அலகு சென்டிமீட்டர். எல்லோரையும் குழப்பும் கூட்டணி இதுதான்.

கணினி மொழியின் பங்கும் சிறிதல்ல. ஃபோர்ட்ரான் அணியை நிரல் நிரலாக நினைவகத்தில் அடுக்கும், சி நிரை நிரையாக அடுக்கும். ஒன்றின் சுழற்சி அணியை மற்றது அப்படியே படித்தால் பொருள் எதிர்த்திசையில் சுழலும். பிழைச்செய்தி எதுவும் வராது என்பதுதான் கொடுமை. யூனிட்டியின் சி ஷார்ப்பில் 'வெக்டர்3.அப்' என்றால் (0, 1, 0). அன்ரியலின் சி++இல் 'அப்வெக்டர்' (0, 0, 1). எண்களை நேரடியாக எழுதாமல் இப்பெயர்களைப் பயன்படுத்துபவரே விவரமானவர்.

லோகோ மொழியின் ஆமை இந்தச் சண்டைக்கே வரவில்லை. முன்னே போ, வலப்புறம் திரும்பு என்றால் போதும், அச்சு வேண்டாம். ஆபெல்சனும் டிசெசாவும் 1981இல் எழுதிய 'டர்டில் ஜியோமெட்ரி' அதே ஆமையை முப்பரிமாண வெளிக்கும் அழைத்துப்போனது.

சமரச முயற்சிகளில் விஆர்எம்எல் கோப்பு வடிவம் 1997இல் ஐஎஸ்ஓ தரமானது. வலக்கை, ஒய் மேலே, நீளம் மீட்டரில். ஜிஎல்டிஎஃப் 2.0 அதே வழியில் வந்து 2022இல் ஐஎஸ்ஓ முத்திரை பெற்றது. பழைய ஓபிஜே கோப்பிலோ மேல் அச்சைக் குறிக்க இடமே இல்லை. அதை அனுப்புபவர்கள் கை, மேல் அச்சு, அலகு மூன்றையும் கோப்பின் தலைப்பில் ஒரு குறிப்பு வரியாக எழுதிவிடுங்கள்.