யாத்திரிகனும் சந்தை நகரும்: இரட்சணிய யாத்திரிகம் குறித்துச் சிங்கப்பூரிலிருந்து ஒரு வாசிப்பு

எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் (1827–1900) இரட்சணிய யாத்திரிகம் 1894ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தது. ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட ஆங்கில உரைநடை உருவகக் கதையைத் தழுவி, ஐந்து பருவங்களாக அமைந்த காப்பியம் இது. இலக்கிய வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இதனைக் 'கிறித்தவக் கம்பரின் தழுவல்' என்று ஒரு தொடரில் கூறி அமைகின்றன. வகுப்பறையிலும் 'உலகை வெறுத்து விண்ணகம் நாடும் நூல்' என்ற விளக்கத்தோடு பாடம் முடிந்துவிடுகிறது. இவ்விளக்கம் பனியனுக்கு ஓரளவு பொருந்தும். கிருஷ்ணபிள்ளைக்குப் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

பனியனின் யாத்திரிகனை ஊரைவிட்டு விரட்டுவது அச்சம். தன் நகர் நெருப்பால் அழியும் என்று அறிகிறான். முதுகில் சுமை அழுத்துகிறது. மனைவி மக்கள் அழைக்கும் குரல் கேளாதவாறு காதுகளில் விரலை இட்டுக்கொண்டு ஓடுகிறான். 1684இல் வெளிவந்த இரண்டாம் பாகத்தில்தான் அந்த மனைவி மக்களுக்கு வழி திறக்கிறது. சிலுவையருகே சுமை கழன்று விழும் நிகழ்ச்சியைப் பனியன் சுருக்கமாகச் சொல்லிக் கடந்து செல்கிறார்.

கிருஷ்ணபிள்ளையால் அவ்வாறு கடந்து செல்ல இயலவில்லை. குமார பருவத்தின் இரட்சணிய சரித படலத்தில் இயேசு பிடிபட்டு, விசாரிக்கப்பட்டு, ஏளனமுற்று, சிலுவையில் உயிர்விடும் வரலாற்றை விரித்துப் பாடுகிறார். மூலத்தில் இத்தகைய விரிவு இல்லை. காப்பியத்தின் ஊடே தேவாரம் என்னும் பெயரில் பதிகங்களையும் அமைத்தார். (வைணவக் குடும்பத்தில் பிறந்தவர் சைவத் திருமுறைப் பெயரைத் தேர்ந்தது தனியே ஆராயத்தக்கது.) இப்பதிகங்கள் கதையை ஓரடியும் நகர்த்துவதில்லை, விரைந்து படிப்போர்க்கு இவை தடையே. ஆயினும் நூலின் உயிர் ஈண்டுதான் உள்ளது. பனியனில் உலகின்மீதுள்ள நிறைவின்மை முதலில் தோன்ற, வேட்கை அதன்பின் வருகிறது. கிருஷ்ணபிள்ளையிடம் வரிசை மாறுகிறது. ஒருவர்மீது கொண்ட அன்பினாலேயே பிற யாவும் சுவையற்றுப் போகின்றன. இது ஆழ்வார்கள் வழிவந்த முறைமை. 1858இல் திருமுழுக்குப் பெற்றபோது அவர் சமயத்தை மாற்றிக்கொண்டார். பக்தியின் இலக்கணத்தை மாற்றிக்கொள்ளவில்லை. கோட்பாட்டு விளக்கத்தில் இறங்கும் இடங்களில் அவர்தம் கவிதை தளர்வதும், பதிகங்களில் நிமிர்வதும் இதனால்தான் எனலாம்.

சிங்கப்பூரில் இந்நூலைப் பேசும்போது இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதில்லை. பனியன் காட்டும் மாயச் சந்தையில் வீடு, நிலம், பதவி, பட்டம் யாவும் விலைக்குக் கிடைக்கும். பிரித்தானியர், பிரெஞ்சியர், இத்தாலியர் என நாட்டுக்கொரு தெருவும் உண்டு. 1822இல் ராஃபிள்ஸ் இனவாரியாகக் குடியிருப்புகளை வகுக்கத் திட்டமிட்ட துறைமுக நகரில் வாழ்வோர்க்கு இவ்வருணனை அயலன்று. சிராங்கூன் சாலையின் நகைக்கடைகளையும் முஸ்தபா வளாகத்தையும் மாயச் சந்தை என்று சுட்டிப் பொருளுரைப்பது எளிது. எளிது என்பதாலேயே ஐயுறத்தக்கது. கால்நடை வணிகத்தால் வளர்ந்த தேக்கா வட்டாரம் பலர்க்கு ஆடம்பரமன்று, பிழைப்பு. ஞாயிறு மாலை அங்குக் கூடி ஊருக்குப் பணம் அனுப்பும் கட்டுமானத் தொழிலாளியிடம் உலகப் பற்றை விடு என்பது, அவர் கையில் இல்லாத ஒன்றைத் துறக்கச் சொல்வதாகும். பனியனே அச்சந்தையைச் சுற்றிச்செல்லப் பாதை வைக்கவில்லை. வான நகருக்குரிய வழி அதன் நடுவேதான் செல்கிறது.

தேக்காவிலிருந்து நடந்து செல்லும் தொலைவில், ஓஃபீர் சாலையில், தமிழ்க் கத்தோலிக்கர்க்கென 1888இல் லூர்து அன்னை ஆலயம் எழுந்தது. பிரான்சு நாட்டு லூர்துப் பேராலயத்தை ஒட்டியது அதன் வடிவம். யாத்திரைத் தலத்தின் சாயலையே தாம் பிழைக்க வந்த நகருக்குள் கொண்டுவந்து வைத்துள்ளனர். சீர்திருத்தச் சபையினரான கிருஷ்ணபிள்ளை இதனை ஏற்றிருப்பாரோ, அறியோம். சந்தைக்குள்ளேயே வேட்கைக்கு இடம் தேடும் மனநிலை மட்டும் அவர்தம் பதிகங்களுக்கு அணுக்கமானது.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. ஆரணிய பருவம் என்ற பெயரிலேயே கம்பரின் ஆரணிய காண்டம் ஒலிக்கிறது. எனினும் காடு சென்ற இராமன் அயோத்திக்கு மீள்கிறான், யாத்திரிகனோ மீள்வதில்லை. அவன் சென்றடைவது தான் முன்பு கண்டிராத நகர். கண்ணகியும் புகாருக்குத் திரும்பவில்லை. ஆனால் அவள் புறப்பட்டபோது கண்முன் இருந்தது மதுரை மட்டுமே. ஊர் என்பது திரும்பிச் செல்லும் இடம் என்று வாழ்ந்த முதல் தலைமுறைப் புலம்பெயர்ந்தோர்க்கு இம்முடிவு கசந்திருக்கக்கூடும். சிங்கப்பூரையே ஊராகக் கொண்டு பிறந்தவர்க்கோ, வீடும் கல்வியும் வேலையும் வாய்த்த பின்னும் அமைதி கொள்ளாத மனம் என்ற இடத்தில் நூல் திறக்கிறது. இவ்விரு வாசகரையும் 'உலக வெறுப்பு' என்னும் ஒரே தலைப்பின்கீழ் அமர்த்தும் பாடக்குறிப்புகளைத் திருத்தியாக வேண்டும். பாடத்திற்கு எடுக்கும் பகுதியும் சந்தைக் காட்சியோடு நின்றுவிடாமல், தேவாரப் பதிகங்களுள் ஒன்றேனும் அதன் அருகே வைக்கப்பட வேண்டும்.