அந்நியரிடம் ஜாக்கிரதை: புறஞ்சேரியிலிருந்து ஒரு வாசிப்பு

தாம்பரம் ரயில் நிலையத்தில் தமிழ், இந்தி, ஆங்கிலம் என்று மூன்று மொழிகளில் ஒரு குரல் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. அறிமுகமில்லாதவர் தருவதை வாங்கித் தின்னாதே, உடைமைகளைப் பார்த்துக்கொள், கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளைத் தொடாதே, சந்தேகப்படும்படி யாராவது இருந்தால் காவலரிடம் சொல். இதை ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசிக்கலாம் என்பது என் எண்ணம். கவிதை, நாவல் இவற்றை மட்டுமே பிரதி என்று எண்ணும் பழக்கம் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. ஆசிரியர் பெயர் கிடையாது, பதிப்பாண்டு கிடையாது, எதிர்க்கேள்விக்கும் இடம் கிடையாது. ஆனாலும் இவ்வளவு காதுகளில் விழுகிற எழுத்து தமிழில் வேறொன்று இருக்குமா தெரியவில்லை.

இந்தக் குரல் யாரிடம் பேசுகிறது? அதே நடைமேடையில் நாகர்கோவில் வண்டியிலிருந்து ஒரு குடும்பம் இறங்குகிறது. வண்டலூர் மிருகக்காட்சிசாலை, மாமல்லபுரம், மெரினா, இரண்டு நாளில் திரும்ப வேண்டும். அசாமின் சில்காட்டிலிருந்து வருகிற வண்டியும் தாம்பரத்தில்தான் வந்து முடிகிறது. அதிலிருந்து ஒரு பையன் இறங்குகிறான், தோளில் ஒரே ஒரு பை. இரண்டு பேருமே ஊருக்குப் புதியவர்கள். கையில் அளவான காசோடு, வழிகேட்டு நிற்க வேண்டியவர்கள். முன்னவருக்குப் பெயர் ‘சுற்றுலாப் பயணி’, பின்னவனுக்கு ‘வெளிமாநிலத்தவன்’. குரல் முன்னவரைப் பார்த்துப் பின்னவனைப் பற்றிப் பேசுகிறது. இந்தி அறிவிப்பு அந்தப் பையனுக்கும் விளங்கும். தன்னைப் பற்றித் தன் காதுபடவே எச்சரிக்கை சொல்லப்படும் ஊருக்குள் அவன் நுழைகிறான்.

பையைத் திறந்து போட்டுவிட்டு டீ குடிக்கப் போங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. மயக்க பிஸ்கட் கொடுத்து நகையைக் கழற்றியவர்கள் உண்டு. ஊரிலிருந்து அம்மாக்கள் சொல்லி அனுப்புவது அனுபவத்திலிருந்துதான். என் கேள்வி வேறு. ‘பாதுகாப்பு’ என்கிற சொல்லாடல் ஆபத்துக்கு எப்போதும் ஒரு மனித முகத்தையே, அதுவும் குறிப்பிட்ட சில முகங்களையே, வரைந்து காட்டுவது ஏன்?

வழிப்போக்கருக்கு யோசனை சொல்லும் எழுத்து தமிழுக்குப் புதிதில்லை. ஆற்றுப்படை என்று ஓர் இலக்கிய வகையே இருக்கிறது. பரிசில் பெற்றுத் திரும்பும் ஒரு கலைஞன் எதிரே வருகிற இன்னொரு கலைஞனுக்கு வழி சொல்வது அதன் அமைப்பு. எம்.ஏ. வகுப்பில் இதைப் புரவலரைப் பாடும் இலக்கியம் என்று சொல்லி முடித்துவிடுவார்கள். மலைபடுகடாத்தை அப்படி வாசித்தால் பாதி போய்விடும். பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், எந்தக் குழியில் பாம்பு கிடக்கும், தினைப்புனக் காவலர் யானையை விரட்ட எறியும் கவண்கல் எப்படிப் பாய்ந்து வரும், வழுக்கும் இடத்தில் எதைப் பிடித்துக்கொண்டு இறங்குவது: கூத்தருக்குச் சொல்லப்படும் எச்சரிக்கைகள் இந்த ரகம். ஆபத்து என்பது குழி, கல், பாசி. மனிதர்களோ வழியெல்லாம் சோறு போடுகிறார்கள். சொந்த வீட்டுக்குள் நுழைவதுபோல நுழையலாம் என்று சொல்லி அனுப்புகிறான் நடந்து பார்த்து வந்தவன்.

எல்லா ஆற்றுப்படையும் இப்படியில்லை. பெரும்பாணாற்றுப்படை தொண்டைமான் இளந்திரையனின் நாட்டைப் பாடுகிறது, அதாவது தாம்பரமும் அடங்கிய தொண்டை மண்டலத்தை. அங்கே வழிப்போக்கரைத் தாக்கிப் பொருள் பறிப்பவர் இல்லை, இடிகூட விழாது, பாம்பு கடிக்காது, காட்டு விலங்கும் துன்புறுத்தாது என்று வருகிறது. இது ஒரு போலீஸ் கமிஷனரின் செய்தியாளர் சந்திப்பு மாதிரி இல்லையா? பாதுகாப்பு அரசனின் புகழாக மாறும் இடம் அது. அதே பாட்டில் எயினர், ஆயர், உழவர், வலைஞர் என்று ஒவ்வொரு குடியிலும் பாணனுக்கு உணவு கிடைக்கிறது. அரசன் புகழை எடுத்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது இந்த அந்நியர்களின் அடுப்படி.

ஒரு சொல்லையும் கவனிக்கலாம். சங்கப் பாட்டில் பாலை வழியில் போகும் புதியவர்களுக்கு ‘வம்பலர்’ என்று பெயர். வம்பு என்றால் புதுமை. இன்று வம்பு என்றால் என்ன பொருள் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெருநகரத்துக்கு வந்த புதியவனுக்கு என்ன நேர்ந்தது என்று தமிழில் எழுதப்பட்ட மிகப் பெரிய கதை சிலப்பதிகாரம். அதைக் கற்பின் கதையாகவே வாசித்துப் பழகிவிட்டோம். கோவலனும் கண்ணகியும் மதுரையில் தங்குவது கோட்டைக்கு வெளியே, புறஞ்சேரியில், மோர் விற்கும் மாதரியிடம். இன்றைய கணக்கில் அது புறநகர், ஒரு தாம்பரம் என்று வையுங்கள். கோவலன் சிலம்பை விற்க நகருக்குள் போகிறான். பொற்கொல்லன் காட்டிக்கொடுக்கிறான். வந்த காவலரில் சிலருக்குச் சந்தேகம், இவனைப் பார்த்தால் திருடனாகத் தெரியவில்லையே என்கிறார்கள். அப்போது பொற்கொல்லன் ஒரு சொற்பொழிவே நிகழ்த்துகிறான்: திருடர்கள் மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என எட்டின் துணையோடு வருவார்கள், தோற்றத்தை நம்பாதே. திருடனைப் பற்றி ஓர் அறிவுத்துறையே அங்கே கட்டி எழுப்பப்படுகிறது. (ஃபூக்கோவைப் படித்துவிட்டு வந்து இளங்கோவைப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது.) அந்த அறிவு பேசி முடிந்ததும் ஒரு காவலன் வாளை வீசிவிடுகிறான். விசாரணை கொலைக்குப் பிறகுதான் நடக்கிறது, அதுவும் ஒரு பெண் வந்து வாயிலில் நின்று கேட்டதால்.

2012க்கு வருகிறேன். அந்த ஜனவரியில் பெருங்குடியிலும் பிப்ரவரியில் கீழ்க்கட்டளையிலும் வங்கிகள் கொள்ளையடிக்கப்பட்டன. இரண்டுமே தென்சென்னைப் புறநகர். பிப்ரவரி 23 அதிகாலை வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் இருந்த ஐந்து பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. வடமாநிலங்களிலிருந்து வந்தவர்கள். அவர்கள்தான் கொள்ளையர்கள், முதலில் சுட்டதும் அவர்களே என்றது போலீஸ். மனித உரிமை அமைப்புகள் அதை ஏற்காமல் விசாரணை கேட்டன. கொள்ளை நடந்தது பொய்யில்லை. ஆனால் அந்த ஐந்து பேரின் குற்றம் எந்த நீதிமன்றத்திலும் விசாரிக்கப்பட்டுத் தீர்ப்பாகவில்லை, இனி ஆகவும் முடியாது. அப்புறம் நடந்ததுதான் நம் விஷயத்துக்கு முக்கியம். வாடகைக்கு இருப்பவர்களின் விவரங்களை வீட்டுக்காரர்கள் காவல் நிலையத்தில் தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. கட்டட வேலைக்கு வந்த பையன்களின் அறைகளுக்குப் போலீஸ் போனது. இந்திக்காரனுக்கு வீடு கிடையாது என்று வீட்டுக்காரர்கள் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். நிலையத்துக் குரல் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது. 1871இல் வெள்ளைக்காரன் சில சாதிகளையே குற்றப் பரம்பரை என்று சட்டம் போட்டு, பின்னால் அதைச் சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவந்து, ஆட்களைப் பதிவேட்டில் ஏற்றிய வேலையின் தொடர்ச்சியாகவே இதை நான் பார்க்கிறேன்.

இதில் ‘நம்மாள்’ தப்பிவிடுவான் என்று நினைக்க வேண்டாம். 2018 மே 9 அன்று சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வக் கோயிலைத் தேடிப் போளூர் அருகே அத்திமூர்ப் பக்கம் காரில் போனது. மலேசியாவிலிருந்து வந்த உறவினர்களும் கூட இருந்தார்கள். வழி கேட்டார்கள், குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸப்பில் பரவியிருந்த நேரம். கூட்டம் அடித்ததில் 65 வயதுப் பெண் இறந்துபோனார், மற்றவர்கள் படுகாயமடைந்தார்கள். அறிமுகமில்லாதவர் தரும் தின்பண்டம்! ரயில் நிலையத்துக் குரல் எச்சரித்த அந்தச் செய்கையைச் செய்தவர் ஒரு பாட்டி. அது நடந்த இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில்தான் மலைபடுகடாம் பாடிய நன்னனின் நவிரமலையும் இருக்கிறது, பர்வதமலை என்று இன்று சொல்கிறோம். புதியவர்களைச் சொந்த வீட்டுக்குள்போல் நுழையச் சொன்ன நிலம்.

சரி, இந்தப் புறநகரில் புதியவர்களையும் பழையவர்களையும் உண்மையில் எது கொல்கிறது? 2018 ஜூலை 24 காலை பரங்கிமலை நிலையத்தில், நெரிசலான ரயிலின் படியில் தொங்கி வந்தவர்கள் தண்டவாளத்தை ஒட்டிய கான்கிரீட் சுவரில் மோதி விழுந்து இறந்தார்கள். அந்தச் சுவர் அந்நியனில்லை, ரயில்வேக்குச் சொந்தமானது. 2022 அக்டோபர் 13 அன்று அதே நிலையத்தில் ஒரு கல்லூரி மாணவி ஓடும் ரயில் முன் தள்ளிக் கொல்லப்பட்டார். தள்ளியவன் அவருக்கு நன்றாகத் தெரிந்தவன், விடாமல் பின்தொடர்ந்தவன். 2019 செப்டம்பர் 12 பள்ளிக்கரணையில் அரசியல் பிரமுகர் வீட்டுக் கல்யாணத்துக்கு அனுமதியில்லாமல் வைத்த பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன இளம்பெண் விழுந்து தண்ணீர் லாரியின் அடியில் இறந்தார். ரயில்வே, தெரிந்த ஆண், கட்சிக்காரர்: இவர்களில் யாரிடமும் ஜாக்கிரதையாக இரு என்று எந்த ஒலிபெருக்கியும் சொல்வதில்லை.

சினிமா இதைக் கொஞ்சம் புரிந்துவைத்திருக்கிறது. ‘எங்கேயும் எப்போதும்’ (2011) படத்தில் திருச்சியிலிருந்து வேலைக்கான நேர்காணலுக்குச் சென்னை வரும் அமுதா யாரையும் நம்பாதே என்று போதிக்கப்பட்டு வருகிறாள். வழி தெரியாத ஊரில் முன்பின் தெரியாத ஒருவனோடு நாள் முழுக்க பஸ்ஸில் சுற்றுகிறாள், சந்தேகப்பட்டுக்கொண்டே. அவனால் அவளுக்கு ஒரு தீங்கும் வரவில்லை. படத்தில் மனிதர்கள் சாவது நேருக்கு நேர் மோதிக்கொள்ளும் இரண்டு பஸ்களால். ஆனால் படமும் அந்த அந்நியனை நல்ல சம்பளக்கார, நாகரிகமான இளைஞனாக வைத்துத்தான் இந்தப் பாடத்தைச் சொல்கிறது. அவன் இடத்தில் ஒரு பீகார்த் தொழிலாளி இருந்திருந்தால் அமுதாவின் சந்தேகத்தைப் பார்த்துத் தியேட்டர் சிரித்திருக்குமா?

ஆட்டோக்காரரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு நடுத்தர வர்க்கம் சொல்லித்தரும் முதல் எதிரி அவர். 2013 ஆகஸ்டில் அரசு நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12. பத்தாண்டு கடந்தும் அது அப்படியே கிடந்தது, பெட்ரோல் விலை கிடக்கவில்லை. ஏமாற்றுகிற ஆட்டோக்காரர் இருக்கிறார், எனக்கும் தெரியும். அவரை உற்பத்தி செய்த அரசாணையை யாரும் ‘உஷார்’ பட்டியலில் சேர்ப்பதில்லை.

2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. தென்மாவட்டங்களிலிருந்து வருகிறவர்களுக்கு நகரம் இனி அங்கே தொடங்கும் என்றார்கள். திறந்த அன்று அங்கே ரயில் நிலையம் இல்லை. 2024 பிப்ரவரியில் ஊருக்குப் போக நள்ளிரவில் போதிய பேருந்து இல்லாமல் குழந்தை குட்டிகளோடு நின்றவர்கள் சாலை மறியல் செய்தார்கள். உடைமைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும் அறிவுரை அந்த இரவு அவர்களுக்கு எந்த வகையில் உதவியிருக்கும்?

தோழர்கள் சிலர் ரயில் நிலையங்களில் துண்டறிக்கை கொடுக்கலாமா என்று கேட்டார்கள். கொடுக்கலாம். ‘வந்தாரை வாழவைக்கும் தமிழகம்’ என்று ஆரம்பிக்க வேண்டாம், அது இளந்திரையன் காலத்து விளம்பரம். மலைபடுகடாம் பாணியில் எழுதுவோம். கடைசி மின்சார ரயில் எத்தனை மணிக்கு. கிளாம்பாக்கத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையை எங்கே கடப்பது. மழைக்காலத்தில் முடிச்சூரில் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும், எந்தக் கால்வாய் மூடாமல் கிடக்கிறது. ராத்திரி போலீஸ் நிறுத்திக் கேட்டால் என்ன கேட்க அதிகாரம் உண்டு, எது கிடையாது. பெண்கள் எந்தக் கடை வெளிச்சத்தில் நின்று வண்டிக்குக் காத்திருக்கலாம், அந்தக் கடைக்காரர் எத்தனை மணிவரை இருப்பார். தமிழோடு ஒடியா, வங்காளி, அசாமி, இந்தியிலும் போட வேண்டும். எழுதித்தர ஆள் கிடைப்பார்கள், பல்லாவரத்திலும் பெருங்களத்தூரிலும் கட்டட வேலை நடக்கிற இடங்களில் போய்க் கேட்டால் போதும்.