கடலடியில் ஒரு சுற்று

இலங்கையின் வடமேற்குக் கரையிலுள்ள அரிப்புக்கும் சிலாபத்துறைக்கும் மேற்கே, ஐந்து முதல் பத்துப் பாக ஆழத்தில் மன்னாரின் முத்துப்பார்கள் கிடக்கின்றன. சலாபம் எனப்படும் முத்துக்குளிப்புக் காலத்தில் கல்லில் கால் கோத்து அங்கே இறங்கிய குளிகாரர் ஏறத்தாழ ஒரு நிமிடம் கீழே நின்றார். தேர்ந்தவர் இன்னும் சற்றுக் கூடுதலாக நின்றிருப்பார். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கற்பனை வேட ஆட்டங்களின் போர்விதிகளை உரசிப் பார்க்க இந்த ஒரு நிமிடத்தை விட நல்ல கல் எனக்குத் தெரியவில்லை.

இந்த ஆட்டங்களில் முதலாவதான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்', கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்டது. நடுவர் உலகைச் சொல்கிறார். ஆட்டக்காரர் தம் பாத்திரம் என்ன செய்கிறது என்கிறார். முடிவு ஐயமானால் இருபது முகப் பகடை உருளும். இதன் வேர் பிரஷ்யப் படையின் போர்ப்பயிற்சி ஆட்டத்தில் இருக்கிறது. 1824இல் அதை அமைத்த ரைஸ்விட்ஸ் இழப்புகளைக் கணக்கிட அட்டவணைகள் வகுத்தார். 1876இல் வெர்தி டு வெர்னுவா அந்த அட்டவணைகளைத் தள்ளிவைத்து, களம் கண்ட நடுவரின் தீர்ப்பே போதும் என்றார். எழுத்தா, நடுவரா என்ற வழக்கு அன்றே தொடங்கிவிட்டது. இன்றைய மேசைகளிலும் அது தீரவில்லை.

ஒரு குளிகாரப் பாத்திரம் பாரில் சிப்பி பொறுக்கும்போது சுறா வருகிறது என்று வைப்போம். கைகாக்ஸ் 1979இல் எழுதிய நடுவர் நூலின்படி ஒரு போர்ச்சுற்று ஒரு நிமிடம். சுற்று முடியும்போது குளிகாரரின் மூச்சும் முடிந்துவிடும். 2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு முதல் சுற்று ஆறே விநாடி. அதே மூச்சில் பத்து முறை கத்தி வீசலாம். கைகாக்ஸின் நிமிடத்தை ஒரே வீச்சு என்று படித்தவர்கள் அதைக் கேலி செய்தார்கள். அவர் எழுதியது வேறு: அந்த நிமிடத்துக்குள் பல பாய்ச்சலும் தடுப்பும் நடக்கின்றன, காயம் தரக்கூடிய வாய்ப்புக்குத்தான் பகடை. நிலத்தில் இது ஒப்புக்கொள்ளக்கூடிய விளக்கம். கடலடியில் மூச்சைத் துண்டு துண்டாகச் செலவழிக்க வேண்டியிருப்பதால் ஆறு விநாடிச் சுற்றே பொருந்துகிறது.

2014இன் ஐந்தாம் பதிப்பு நீருக்கடிப் போருக்குத் தனிவிதி தருகிறது. நீந்தும் இயல்பில்லாதவர் வாள் வீசினால் இரண்டு பகடை உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும். குத்துவாள், ஈட்டி, சூலம் போன்ற சிலவற்றுக்கு விலக்கு. தண்ணீரில் வெட்டு தளரும், குத்து செல்லும் என்பதைக் கடலோரத்தில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. மூச்சு விதிதான் இடறுகிறது. சாதாரண உடலுக்கு ஒரு நிமிடம் என்பது மன்னாரோடு ஒத்துப்போகிறது. உடல்வலிமைக்கு மூன்று கூட்டல் உள்ள பாத்திரமோ நான்கு நிமிடம் நிற்கலாம். அசையாமல் கிடப்பவருக்கு அது சரி. சுறாவோடு மல்லுக்கட்டுபவருக்கும் அதே அளவைக் கொடுப்பது எழுத்துக்கு விசுவாசம், உடலுக்குத் துரோகம். இங்கே நான் வெர்தியின் பக்கம். ஆனால் நடுவர் தம் தீர்ப்பைப் பகடை உருளும் முன்பே சொல்லிவிட வேண்டும். உருண்ட பிறகு சொல்வது அநீதி.

இதைவிடக் கடினமான சிக்கல், பாத்திரம் எவ்வளவு அடி தாங்கும் என்பதைக் குறிக்கும் உயிர்ப்புள்ளியில் இருக்கிறது. புள்ளி குறைவது முழுக்க உடற்காயமல்ல, திறமையும் அதிர்ஷ்டமும் தெய்வக்காப்பும் அதில் சேரும் என்று கைகாக்ஸ் வற்புறுத்தினார். ஐந்தாம் பதிப்பின் வேட்டைச் சுறாவுக்கோ இரத்தவெறி உண்டு: உயிர்ப்புள்ளி ஒன்றேனும் குறைந்தவரைக் கடிக்கும்போது இரண்டு பகடை உருட்டி உயர்ந்ததை எடுக்கலாம். குறைந்தது அதிர்ஷ்டம் மட்டும் என்றால் சுறா எதை மோப்பம் பிடித்தது? இந்த ஒரு விதியில் சுறாவுக்கு இரத்தமாகவும் நூலுக்கு அதிர்ஷ்டமாகவும் ஒரே எண் நிற்கிறது. பல ஆண்டு வாதங்கள் இந்த முரணைத் தொடாமலே சுற்றி வந்திருக்கின்றன.

மன்னாரிடம் இதற்கு ஒரு விடை உண்டு. சலாபங்களில் கடல்கட்டி என்றொருவர் இருந்தார். மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுபவர். அவரில்லாமல் குளிகாரர் இறங்கத் தயங்கியதால் ஆங்கில அரசே அவருக்கு ஊதியம் கொடுத்தது. இலங்கை பற்றி நூல் எழுதிய ஆங்கில ஆட்சி அதிகாரி டென்னன்ட் இதைப் பதிந்திருக்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே மார்க்கோ போலோ, இப்படிக் கட்டுவோருக்கு இருபதில் ஒரு பங்கு முத்து போனதையும், இரவில் திருடர் இறங்காதபடி அவர்கள் கட்டை அவிழ்த்துவிட்டதையும் எழுதியிருக்கிறார்.

இந்தக் கட்டை ஆட்டத்தில் எப்படி வைப்பது? விலங்கை வசப்படுத்தும் மந்திரமாக வைத்தால் ஒவ்வொரு சுறாவுக்கும் தனித்தனியே எதிர்ப்புப் பகடை உருட்ட நேரும். பார் முழுவதையும் காக்கும் கட்டு அதில் சிதறிவிடும். கட்டு வேலை செய்தது குளிகாரரின் நெஞ்சில்தான் என்பது என் கருத்து. எனவே இறங்குமுன் ஒவ்வொருவருக்கும் சில தற்காலிக உயிர்ப்புள்ளிகள் தருவேன். விதிப்படி கடி முதலில் அவற்றையே தின்னும். அவை தீரும்வரை குளிகாரரின் சொந்தப் புள்ளி முழுதாக நிற்பதால் இரத்தவெறி எழாது. கைகாக்ஸின் தெய்வக்காப்பும் சுறாவின் மோப்பமும் அப்போது மோதிக்கொள்வதில்லை. புதிய விதியும் தேவைப்படுவதில்லை. நடுவர் சேர்க்க வேண்டிய நிபந்தனை ஒன்றுதான்: பொழுது சாய்ந்ததும் மிச்சப் புள்ளிகள் நீங்கும்.